6.5-இலிருந்து 7 மில்லிமீட்டருக்கு: ஆயிரம் கஜ ரைஃபிளுக்கு காலிபர் முடிவான விதம்

பேரலில் தோட்டா உட்காரும் அறையை (சேம்பர்) குடையும் கருவியான ரீமர் கைக்கு வந்துவிட்டது. .284 ஷேஹேன் என்ற 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது, கழுத்து 0.315 அங்குலம், ஃப்ரீபோர் (சேம்பர் கழுத்துக்கும் ரைஃப்ளிங் என்ற சுருள் வரிகளின் தொடக்கத்துக்கும் இடையே வரியில்லாத பகுதி) நான் அனுப்பிய, மருந்தில்லாத டம்மி தோட்டாவுக்கு ஏற்றபடி. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். வரைபடத்தில் ஒப்புக்கொண்ட எண் கருவியிலும் அப்படியே இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து இப்படி ஒரு திருப்தி.

பழைய 6.5-284 (6.5 மில்லிமீட்டர் தோட்டா) பேரல் போன குளிர்காலத்தோடு முடிந்துபோனது. பீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரியில் ஆயிரம் கஜத்தில் நன்றாகச் சுட்ட பேரல்தான். ஆனால் மேல்-கீழ் சிதறல் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தது. பேரலுக்குள் பார்க்கும் போர்ஸ்கோப்பை விட்டுப் பார்த்தால், த்ரோட் (ரைஃப்ளிங் தொடங்கும் இடம்) முழுக்கக் கோடையில் வெடித்த கண்மாய்த் தரை மாதிரி கிடக்கிறது. இந்தத் தோட்டாவின் குணமே அது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரவுண்டில் பேரல் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, அடுத்து என்ன? நான் சுடும் தொலைதூரப் போட்டிப் பிரிவான எஃப்-ஓப்பனில், சர்வதேச விதிப்படி, 8 மில்லிமீட்டர் வரை எந்தக் காலிபரும் (புல்லட் விட்டம்) செல்லும், ரைஃபிள் 10 கிலோவுக்குள் இருந்தால் போதும். 105 கிரெய்ன் (புல்லட் எடை அலகு) 6 மில்லிமீட்டர் புல்லட்டின் செக்‌ஷனல் டென்சிட்டி (விட்டத்துக்கு எவ்வளவு எடை என்ற அளவு, கூடினால் காற்றைத் தாங்கும்) 0.254, 140 கிரெய்ன் 6.5-க்கு 0.287, 180 கிரெய்ன் 7-க்கு 0.319. ஆயிரம் கஜக் குறிப்பலகையில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் பத்து அங்குலம்தான். நல்ல 7 மில்லிமீட்டர் புல்லட்டிலேயே காற்றை மணிக்கு ஒரு மைல் தப்பாகக் கணித்தால் ஐந்தாறு அங்குலம் தள்ளிவிடும், அதாவது நட்ட நடுவில் விழ வேண்டியது 9-க்குப் போய்விடும். 6 மில்லிமீட்டர் 600 கஜத்துக்கு அருமை, ஆயிரத்துக்கு எனக்கு வேண்டாம். இன்னும் பெரிய தோட்டாவான .300 டபிள்யூ.எஸ்.எம்.மில் 200 கிரெய்னுக்கு மேல் போட்டுச் சுடுகிற நண்பர் ஒருவர் காற்றில் என்னை நன்றாகவே முந்துகிறார். ஆனால் ஒரு நாள் முழுக்க அந்த உதையையும், ஒவ்வொரு முறையும் பைபாடு (ரைஃபிளைத் தாங்கும் இருகால் தாங்கி) முறுக்கிக்கொண்டு திரும்புவதையும் சமாளிக்க என்னால் ஆகாது.

7 பக்கம் என்னை இழுத்தது பேரல் ஆயுள்தான். 6.5-284-உம் .284-உம் கிட்டத்தட்ட ஒரே உறை (தோட்டாவின் பித்தளைக் கூடு), கழுத்து மட்டும் வேறு. பேரலின் துவாரப் பரப்போ 7-இல் ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல். அதே அளவு மருந்து அகலமான வாய் வழியாகப் போகிறது என்பதால் த்ரோட் மெதுவாகத் தேய்கிறது. பேரல் பிளாங்க் (சேம்பர் குடையாத பேரல்) விலை, அதைப் பொருத்தும் கன்ஸ்மித் கூலி, அவரிடம் காத்திருக்கும் மாதங்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இது சின்ன விஷயமே இல்லை.

ட்விஸ்ட், அதாவது ரைஃப்ளிங் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பது பற்றிச் சுருக்கமாக. பெர்கரின் 180 கிரெய்ன் ஹைப்ரிட் புல்லட்டின் நீளத்தைப் போட்டு, புல்லட் தள்ளாடாமல் பறக்குமா என்று சொல்லும் மில்லர் சூத்திரத்தில் கணக்கிட்டால், 10 ட்விஸ்டில் நிலைத்தன்மை 1.2, ஒன்பதில் 1.5, எட்டரையில் 1.68 பக்கம் வருகிறது. பீனிக்ஸின் சூடான, அடர்த்தி குறைந்த காற்றில் ஒன்பதே தாராளம். ஆனால் புல்லட் நீளம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. எட்டரை சொல்லிவிட்டேன்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன்: டோனட், உறைக் கழுத்தின் அடியில் உள்ளே உருவாகும் பித்தளை வளையம். கையில் லபுவா 6.5-284 உறைகள் நிறைய இருந்தன. அவற்றின் கழுத்தை 7-க்கு விரித்தேன். கழுத்துக்குள் செலுத்தி விரிக்கும் கூம்பு மாண்ட்ரல், உள்ளே தாராளமாக எண்ணெய், அவசரமில்லாமல் ஒரே அழுத்து. அதில் சிக்கல் இல்லை. ஆனால் கழுத்தும் தோளும் (உறை குறுகிச் சரியும் பகுதி) சேரும் இடத்தில் பித்தளை தடிமனாக நின்றுவிடுகிறது. சுட்ட உறைக்குள் புல்லட்டை விரலால் இறக்கிப் பாருங்கள்: வழுக்கிக்கொண்டு போகும், அடியில் 'டக்' என்று நிற்கும். அந்த வளையம் ஒவ்வொரு உறையிலும் ஒவ்வொரு தடிமன். புல்லட்டின் தண்டு அதற்குள் உட்கார்ந்தால் பிடிமானம் உறைக்கு உறை மாறும், வேகம் மாறும், ஆயிரம் கஜத்தில் அது மேல்-கீழாகத் தெரியும்.

இதைக் குறைக்க, கழுத்தின் வெளிப்புறத்தைக் கடைந்து சீராக்கும்போது தோளையும் லேசாகத் தொட்டு வெட்ட வேண்டும். கட்டரின் முனைச் சாய்வு 35 டிகிரியாக, தோளோடு பொருந்தி இருக்க வேண்டும். பித்தளை பளபளக்கும் மெல்லிய கோடு தோளில் விழுந்ததும் நிறுத்த வேண்டும், கொஞ்சம் கூடினால் கழுத்து அங்கேயே விண்டுவிடும். இன்னொன்று, டிரில்லில் மாட்டி வேகமாகக் கடைந்தால் மாண்ட்ரல் சூடாகி விரியும், சுவர் மெலிந்துகொண்டே போகும். நான் கையால் சுற்றுகிறேன், நடுநடுவே ஆறவிடுகிறேன். கழுத்துச் சுவர் எல்லாம் 0.014 அங்குலத்துக்கு வந்துவிட்டது. புல்லட்டோடு சேர்ந்து 0.312, சேம்பரில் மூன்று தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று) இடைவெளி.

இவ்வளவு செய்தாலும் சுடச் சுட பித்தளை நகர்ந்து டோனட் மறுபடி வளரும். உண்மையான தீர்வு ஃப்ரீபோரில் இருக்கிறது. புல்லட் தண்டு முடிந்து வால் சரியும் அந்த விளிம்பு, கழுத்தின் அடிக்குச் சற்று மேலே நிற்கும்படி டம்மி தோட்டா செய்தேன். அதே நிலையில் புல்லட்டின் முன் வளைவு ரைஃப்ளிங்கைத் தொட வேண்டும் என்று கேட்டேன். இன்னும் நீளமாகக் கேட்கவும் கூடாது. த்ரோட் தேயத் தேய புல்லட்டை வெளியே நகர்த்த வேண்டியிருக்கும், அப்போதும் கழுத்துக்குப் பிடிக்கப் போதுமான தண்டு மிஞ்ச வேண்டும். காலிபர் என்றால் எல்லோரும் பி.சி. எண்ணைத்தான் (புல்லட் காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துப் போகும் என்ற அளவு) பேசுகிறார்கள். எந்தப் புல்லட், எந்த உறை, எவ்வளவு ஃப்ரீபோர் என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அந்த எண் தாளோடு சரி.

முதலில் கேட்ட ரீமர் கடை டம்மியை வாங்கி வைத்துக்கொண்டு வரைபடமே அனுப்பவில்லை. இரண்டாவது இடத்தில் வரைபடம் அனுப்பி, கையெழுத்து வாங்கிய பிறகே அரைத்தார்கள். வரைபடம் காட்டாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பேரலுக்கு கட்-ரைஃபிள்ட் (சுருள் வரிகளை வெட்டி உருவாக்கிய) பிளாங்க் ஒன்று சொல்லியிருக்கிறேன், வர இன்னும் மாதங்கள் ஆகும். அதற்குள் உறைகளை எடைவாரியாகப் பிரிக்கலாம் என்று எண்ணம். 184 கிரெய்ன் புல்லட் ஒரு பெட்டி கிடைத்தால் இதே ஃப்ரீபோரில் எங்கே உட்காருகிறது என்றும் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் பென் ஏவரியில் நடக்கும் பெர்கர் சவுத்வெஸ்ட் நேஷனல்ஸ் போட்டிக்கு முன் பேரல் பழகிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் இருப்பு வைத்திருக்கும் இன்னொரு 6.5 பேரலோடு போவேன், அதில் த்ரோட் இன்னும் மிச்சம் இருக்கிறது.