பிள்ளைக்கு முன் ஆயத்தம்: வரிசை பிழைத்தால் ஒரு மாதம் போகும்

கலியாணம் முடிந்ததும் குடும்பநல உத்தியோகத்தரிடம் (ஊரில் மிட்வைவ் என்றுதான் சொல்லுவோம்) பெயர் பதிய வேண்டும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் புதுத் தம்பதிகளுக்கு வகுப்பு நடக்கும், நிறை, உயரம், பிரஷர், இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள் என்பது தெரிந்த கதை. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இந்த ஆயத்தத்தில் பாதி வேலை காத்திருப்புத்தான். காத்திருக்க வேண்டியவற்றைக் கடைசிக்கு விட்டால் மற்ற எல்லாம் முடிந்தும் சும்மா இருக்க வேண்டி வரும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

மாட்டியது ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் பிள்ளையின் கண், காது, இருதயம் மூன்றையும் கெடுக்கக்கூடியது. "சின்ன வயசில ஊசி போட்டதோ, கார்ட் எங்க?" என்று கேட்டால் என்ன காட்டுவது? 1995 யாழ்ப்பாண இடம்பெயர்விலும் அதற்குப் பிறகு வன்னியிலும் வீட்டு உறுதியையே தொலைத்த சனத்திடம் தடுப்பூசி அட்டை இருக்குமா? வரவேற்பு மேசையில் இருந்தவர் "கார்ட் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பயணம் வீண். அட்டை இல்லாவிட்டால் வழி சுலபமானது: போடாதவர் என்று எடுத்துக்கொண்டு, ருபெல்லாவையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைப் போட்டுவிடலாம். முன்பே போட்டிருந்தாலும் இன்னொன்றால் தீங்கில்லை. நோயெதிர்ப்பு இருக்கிறதா என்று தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கலாம், ஆனால் அதற்குக் காசு. மேசையோடு வாதாடாமல் மிட்வைவிடமோ டொக்டரிடமோ நேரே கேளுங்கள்.

ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அது உயிருள்ள, வலுக்குறைத்த வைரசு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் போட மாட்டார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் முதல் இதுதான். அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான், வராதவர்களும் அதற்கான ஊசியைப் பற்றி அப்போதே கேட்டுவிடுங்கள். அது இரண்டு தடவை, நடுவில் குறைந்தது 4 கிழமை, கடைசி ஊசிக்குப் பிறகும் ஒரு மாதம்.

கணவர் சுவிஸிலோ லண்டனிலோ இருந்து ஒரு மாத லீவில் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். விமானம் இறங்கும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஊசிக்குக் குறைந்தது ஒரு மாதம், போலிக் அசிட்டுக்கு மூன்று மாதம் இருந்தால் நல்லது. அவர் வந்த பிறகு கிளினிக் போவோம் என்று இருந்தால் லீவே முடிந்துவிடும்.

போலிக் அசிட் ஏன் முன்கூட்டியே? பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் ஆகப்போகிற குழாய் சரியாக மூடுவதற்கு அது தேவை, அந்தக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். மாதம் தள்ளிப்போனது தெரிந்து, கிளினிக் நாள் பார்த்துப் போகும்போது அந்த வேலை முடிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். கிளினிக்கில் எங்களுக்குத் தந்தது 1 மில்லிகிராம் குளிசை. கேட்காமல் பார்மசியில் வாங்கினால் 5 மில்லிகிராம் கையில் வரும். இரண்டும் சின்ன மஞ்சள் குளிசைதான், மட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 5 மில்லிகிராம் எல்லோருக்குமல்ல. சலரோகம், வலிப்பு மருந்து, தலசீமியா (பரம்பரை இரத்த நோய்), முன்பு அந்தக் குழாய் மூடாத குறையோடு பிள்ளை பிறந்தது, உடற்பருமன் சுட்டெண் 30க்கு மேல் போன்ற காரணங்களுக்கு டொக்டர் எழுதித் தருவது அது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடு என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். போலிக் அசிட் இரத்தத்தைச் சரிபோலக் காட்டி, பி12 குறைவை மறைத்துவிடும்.

அடுத்த வீண் பயணம் தேத்தண்ணியால். சீனி பார்க்க வெறும் வயிறு என்றால் 8 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். "ஒரு வாய் பிளேன்ரீ தானே" என்று குடித்துவிட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அனுப்புவதும் சரிதான். வெறும் வயிற்றில் சீனி (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்) 126 அல்லது அதற்கு மேல் என்றால் சலரோகம், 100 முதல் 125 வரை எச்சரிக்கை. ஏற்கெனவே சலரோகம் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியை 6.5க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு முயல்வது நல்லது. 10க்கு மேல் என்றால் இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் கிழமைகளில்தான் அந்தச் சீனி கெடுதல் செய்கிறது.

இரத்த அறிக்கையில் எல்லோரும் ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பார்கள். 12க்குக் கீழே என்றால் இரத்தசோகை. அதே தாளில் எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்), எம்.சி.எச். (அதிலுள்ள ஹீமோகுளோபின்) என்று இரண்டு வரி இருக்கும். எம்.சி.வி. 80க்கும் எம்.சி.எச். 27க்கும் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், தலசீமியா காவியாகவும் (தனக்கு நோயில்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்) இருக்கலாம். இரும்புக் குளிசையைத் தந்து அனுப்பினால் அதோடு நிற்காமல் மேற்கொண்டு பார்க்கக் கேளுங்கள், கணவருக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு நோயுள்ள பிள்ளைக்கு வாய்ப்பு. மச்சான் மச்சாள் முறையில் கட்டியவர்கள் இதை விடவே கூடாது. எங்கள் பக்கம் அது குறைவான விசயமா?

இரும்புக் குளிசை எடுத்தும் ஏறாததற்கு ஒரு காரணம் தேத்தண்ணி. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் அதைத் தள்ளி வையுங்கள். தேசிக்காயோ தோடம்பழமோ சேர்த்தால் உடம்பில் கூடச் சேரும். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம்.

தைரொயிட் மருந்து எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் போட்டு, இரும்பு, கல்சியக் குளிசைகளை 4 மணித்தியாலம் தள்ளிப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டித் தந்தார்கள். கருத்தரிப்பதற்கு முன், தைரொயிட்டுக்கு இரத்தத்தில் பார்க்கும் டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருப்பது விரும்பத்தக்கது. பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள், மருந்தளவு கூட்ட வேண்டிவரும். வேறு மருந்துகளில் வலிப்புக்கான வல்புரோயேட், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்பரின், பிரஷருக்கான இனலாபிரில், லொசார்ட்டன், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் ஆகியவை ஆபத்தானவை. தாமாக நிறுத்துவதும் ஆபத்து, முக்கியமாக வலிப்பு மருந்தை. மாற்றித் தருவார்கள். பற்பம், செந்தூரம் எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றில் உலோகம் சேரும்.

கணவரின் பங்கை எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். விந்தணு உருவாகி முற்ற இரண்டரை மாதமளவு எடுக்கும். இன்று சிகரெட், சுருட்டு, சாராயம் விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதில் சேர்த்தி. வகுப்புக்கு மனைவியைத் தனியே அனுப்பினால் அங்கே கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என்று சுறா வறை கொடுப்பது எங்கள் வழக்கம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிள்ளைக்கு முயல்கிறவர்கள் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் அது ஒன்று. நெத்தலி, சூடை போன்ற சின்ன மீன் தாராளமாகச் சாப்பிடலாம். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறு என்றால் நைத்திரேற்றும் பார்த்து வையுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கூடாது. கொதிக்க வைத்தால் அது குறையாது, வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டு வந்தவர்களுக்குக் கரு தரிக்கும் தன்மை திரும்ப மாதங்கள் செல்லும், ஒரு வருடமும் ஆகலாம். கருத்தடைக் குளிசை எடுத்தவர்களுக்கு அந்தத் தாமதம் இல்லை. மூன்றாம் மாதமே "இன்னும் ஒண்டும் இல்லையோ" என்று கேட்கும் மாமிமாருக்கு இதைச் சொல்லி வையுங்கள். 35 வயதுக்குட்பட்டவர்கள் ஒரு வருடம், அதற்கு மேலானவர்கள் ஆறு மாதம் முயன்ற பிறகு டொக்டரிடம் போனால் போதும்.

போன தடவை எம்.எம்.ஆர். போட்டபோது திகதியும் தொகுதி எண்ணும் எழுதிய துண்டைக் கேட்டு வாங்கினோம். முதலில் தர யோசித்தார்கள். அந்தத் துண்டு இப்போது இரண்டு பேருடைய போனிலும் படமாக இருக்கிறது.