படகு குதிக்கிறதா? முதலில் ஐஸ் பெட்டியை நகர்த்துங்கள்

மதுரையில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மனைவிக்கு ஊர் தொண்டிப் பக்கம், மச்சினன் பைபர் படகில் நண்டு வலைக்குப் போகிறான், அந்தக் கரையில் உடைகிற இரும்புச் சாமான்களில் பாதி சாக்குப்பையில் கட்டி பஸ் ஏறி என் பட்டறைக்கு வந்துவிடும். அவ்வளவுதான் சம்பந்தம்.

உடைந்த சாமானைக் கையில் எடுத்துப் பார்த்தாலே படகு எப்படி ஓடுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடைசியாக வந்தது பெட்ரோல் டேங்கை அசையாமல் பிடிக்கும் கிளாம்பு. வெல்டிங்கை ஒட்டி விரிசல். அதன் மேல்பாதி துருவேறிக் கறுத்திருந்தது, கீழே கொஞ்சம் மட்டும் புதுசாக மினுங்கியது. ஒரே அடியில் உடைந்திருந்தால் முழுக்க மினுங்கும். இது தினம் கொஞ்சமாகக் கிழிந்து கிழிந்து கடைசியில் விட்டுப்போனது.

போனில் மச்சினன், "மச்சான், இன்னும் கனமான பட்டையில அடிச்சுக் குடுங்க. அப்படியே எஞ்சினுக்கு ரெக்கைன்னு ஒண்ணு விக்கிறாங்களாம், மாட்டினா படகு குதிக்காதாம், வாங்கட்டுமா?" என்றான். எஞ்சினின் புரொப்பல்லருக்கு மேலே இரண்டு பக்கமும் மாட்டும் தட்டையான தகடுதான் இந்த ரெக்கை. "ரெக்கை அப்புறம் மாப்ளே, படகுல எது எது எங்க இருக்கு, அதச் சொல்லு" என்றேன். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மொத்த வலையும் நங்கூரமும். பின்னால் எஞ்சின், டேங்க், ஐஸ் பெட்டி, எஞ்சின் பிடிக்கிற இவன். நடுவில் நடமாட வசதியாக இருக்கட்டும் என்று காலி. சரி, நோய் தெரிந்துவிட்டது.

பாரம் இரண்டு முனையிலும் இருந்தால் அணியம் அலைக்கு எழும்பவே தாமதமாகும், எழும்பிவிட்டால் தொம்மென்று இறங்கும், இறங்கின வேகத்தில் அடுத்த அலைக்குள் மூக்கை விடும். அதே பாரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து முடிந்தமட்டும் தாழ வைத்தால் படகு அலையோடு சட்டென்று ஏறி இறங்கும். ஒரு கிலோ கூடக் குறைக்க வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் இதைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது, கடையில் காசு கொடுத்து வாங்கினால்தான் வைத்தியம் என்று நினைக்கிறோம்.

மச்சினன் போகும் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். இலங்கையும் மணல்திட்டுகளும் மறைப்பதால் பெருங்கடலின் நீண்ட அலை அதிகம் உள்ளே வராது. காற்று அங்கேயே கிளப்பிவிடுகிற குட்டை அலைதான் பெரும்பாலும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தால் பாம்பனுக்கு வடக்கே கொந்தளிக்கும், ஆனி ஆடியில் தெற்கே. கடல் பார்க்காத மதுரைக்காரர்கள் ஆடி மாதம் வைகை அணைக்குப் போய்ப் பார்க்கலாம். மேல்காற்று நீர்த்தேக்கத்தின் மேற்கு ஓரத்தில் தண்ணீரைச் சும்மா சுருக்கித்தான் விடும், அதே காற்று முழு நீர்ப்பரப்பும் ஓடி அணைக்கரைக்கு வரும்போது அலை கல்லில் அறைகிறது. காற்று தடையில்லாமல் ஓடும் தூரம் கூடினால் அலையும் கூடும். அதனால் காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டி கொஞ்சம் சுற்றிப் போனாலும் நஷ்டமில்லை.

மூன்று நொடிக்கு ஒன்றாக வரும் அலையில், முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவே சுமார் 14 மீட்டர். 28 அடிப் படகு எட்டரை மீட்டர். ஒரு முகட்டிலிருந்து படகு இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். நேர் எதிரே மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் ஒன்றரை நொடிக்கு ஓர் அடி விழும், 9 கிலோமீட்டரில் போனால் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஓர் அடி. அரை நொடிதானே என்று தோன்றும். ஆனால் அடியின் அழுத்தம் மோதும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதனால் கொஞ்சம் வேகம் குறைத்தாலே கிளாம்புக்கும் முதுகெலும்புக்கும் பெரிய விடுதலை. இன்னொன்று, அலையை நேரே குத்தாமல் 45 டிகிரி சாய்த்து வாங்கினால் அந்த 14 மீட்டர் படகுக்கு 20 மீட்டர் மாதிரி ஆகிவிடும். வழி நீளும்தான், வளைந்து வளைந்துதான் போக வேண்டும். பழைய ஆட்கள் இந்தக் கணக்கெல்லாம் போடாமலே அப்படித்தான் போகிறார்கள்.

அடுத்தது எஞ்சின் சாய்வு. படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற சின்ன எஞ்சின்களில், அதாவது அவுட்போர்டுகளில், பிராக்கெட்டில் வரிசையாக ஓட்டை இருக்கும், அதில் ஒரு பின் (கம்பி முளை). எஞ்சின் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பது அது எந்த ஓட்டையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாங்கின நாளில் போட்ட ஓட்டையிலேயே அது துருப்பிடித்துக் கிடக்கும், மச்சினன் எஞ்சினில் சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பின்னைப் படகுப் பக்கம் ஓர் ஓட்டை நகர்த்தினால் அணியம் தாழும், எதிர் அலையைத் தட்டையான அடிப்பாகம் அறையாமல் முன்பக்கக் கூர்மை வெட்டிக்கொண்டு போகும். கவனம், திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து தள்ளினால் இதே சாய்வு ஆபத்து. தாழ்ந்த அணியம் முன் அலையில் குத்திக்கொள்ள, பின்பக்கம் சுழன்று படகு குறுக்கே திரும்பிவிடும். அப்போது பின்னை வெளிப்பக்கம் மாற்றி, ஆளும் பாரமும் கொஞ்சம் பின்னால் வர வேண்டும்.

ரெக்கை கெட்ட சாமான் இல்லை. பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், பின்பாரம் அதிகமான படகுக்கு உதவும். ஆனால் அதுவும் அணியத்தை அமுக்குவதால் பின்னாலிருந்து வரும் அலையில் அதே தொல்லைதான். பாரத்தையும் பின்னையும் சரிபண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறமும் வேண்டுமென்றால் வாங்கட்டும்.

அடியில் தேங்கும் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 50 லிட்டர் என்றால் 50 கிலோ, அதுவும் படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடுகிற 50 கிலோ. கிளம்பும்போதும் பாதி வழியிலும் இறைத்துவிட வேண்டும்.

மச்சினனுக்கு இப்போது கனமான பட்டை அடிக்கவில்லை. ஐஸ் பெட்டியும் டேங்கும் நடுவில் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்த ஒரு தண்டவாளம் மாதிரி அடித்துக் கொடுத்தேன், டேங்குக்கு நீளமான ஹோஸ் போடச் சொன்னேன். நீங்களும் இப்படிச் செய்வதாக இருந்தால் பைப்பும் போல்ட்டும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகத்தில் கேளுங்கள். 304 ரகம் விலை குறைவு, ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்புக் கறை கட்ட ஆரம்பிக்கும். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி ஒட்டவில்லை பாருங்கள், நல்ல எஸ்.எஸ். என்பார்கள். இரண்டு ரகத்திலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள்.