கேமராமேன் என்று எழுதிக்கொடுத்த முதல் வருடம்

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஜப்பானில் வேலையை விட்டுவிட்டுப் போட்டோகிராபராகப் பிழைக்க முடியுமா என்று. முடியும். ஆனால் அவர்கள் கேட்டது லென்ஸ் பற்றி, சகுரா சீசன் பற்றி. என் முதல் வருடத்தில் என்னைப் படுத்தியது காகிதம், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் அதையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எனக்கு நிரந்தர வசிப்பு அனுமதி வந்த பிறகுதான் ஐ.டி. வேலையை விட்டேன், 2023 மார்ச் கடைசியில். அந்த அனுமதி இருந்தால் என்ன தொழில் வேண்டுமானாலும் செய்யலாம். எஞ்சினியர் விசாவில் இருந்துகொண்டு இதே மாதிரி செய்ய நினைப்பவர்கள் முதலில் குடிவரவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், என் கதை உங்களுக்குப் பொருந்தாது.

வேலையை விட்டதும் ஓட்டம் ஆரம்பம். கம்பெனி வழி ஓய்வூதியத்தை 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் தேசிய ஓய்வூதியத்துக்கு மாற்ற வேண்டும். உடல்நலக் காப்பீட்டுக்கு இரண்டு வழி. அரசுக் காப்பீட்டில் சேரலாம், இல்லையென்றால் பழைய கம்பெனிக் காப்பீட்டையே இரண்டு வருடம் வரை முழுச் சந்தாவையும் நாமே கட்டித் தொடரலாம், அதற்குக் கெடு 20 நாள். அரசுக் காப்பீட்டில் சந்தாவை நிர்ணயிப்பது போன வருடச் சம்பளம், தலைக்கு இவ்வளவு என்றும் சேரும். மனைவியையும் பையனையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்ததில் பழையதே மலிவு. சரி என்று அதையே வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வரி அலுவலகம். தொழில் தொடங்கியதாகத் தெரிவிக்கும் படிவத்துக்கு 'கைக்யோ தொதொகே' என்று பெயர், ஒரே ஒரு தாள், கட்டணமும் இல்லை. கூடவே 'அவோஇரோ ஷின்கொகு', அதாவது நீல முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறேன் என்கிற விண்ணப்பத்தையும் கொடுத்துவிட வேண்டும். தொழில் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த வருடத்துக்கு நீலம் கிடையாது. நீலம் என்றால் என்ன லாபம்? ஒழுங்காக இரட்டைப் பதிவில் கணக்கு எழுதி, ஆன்லைனில், கெடுவுக்குள் தாக்கல் செய்தால் வருமானத்தில் 6,50,000 யென் வரை சும்மாவே கழித்துக்கொள்ளலாம். முதல் வருடப் போட்டோகிராபருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இந்தப் படிவத்துக்காக 2,000 யென் கொடுத்துக் கதகானா எழுத்தில் பெயர் வெட்டிய முத்திரை ஒன்று செய்து எடுத்துப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 2021-லிருந்து முத்திரை தேவையில்லை என்றார். தொழில் என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன், "கேமராமேன்" என்று எழுதச் சொன்னார். இங்கே நிழற்படம் எடுப்பவரையும் கேமராமேன் என்றுதான் சொல்கிறார்கள், நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் "கேமராமேன் சாப்டாச்சா" என்று கேட்கிற அதே சொல். எனக்கு அது என்னவோ பிடித்துப்போனது.

ஜூன் மாதம் ஒரு தடித்த உறை வந்தது. குடியிருப்பு வரி. கம்பெனியில் இருந்தவரை சம்பளத்திலேயே பிடித்துவிடுவதால் அதை நான் கண்டுகொண்டதே இல்லை. அது போன வருட வருமானத்தின் மேல் போடுகிற வரி, ஆகவே இந்த வருடம் நீங்கள் பத்துப் படம் எடுத்தீர்களா பட்டினி கிடந்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. முழு ஐ.டி. சம்பளத்துக்கான வரி, நான்கு தவணைச் சீட்டுகளாக. வேலையை விட நினைக்கிறவர்களுக்கு என்னுடைய ஒரே கண்டிப்பான அறிவுரை இதுதான், இந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள்.

அந்த வருடம் என்னைக் காப்பாற்றியது ஷிச்சி-கோ-சான். மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிப் போகிற வழக்கம். நாள் என்னவோ நவம்பர் 15, ஆனால் அக்டோபரிலேயே வார இறுதிகள் நிரம்பிவிடும். ஒரு நாளைக்கு மூன்று குடும்பம், ஒவ்வொன்றும் வேறு வேறு கோயில். வெளியாள் படம் எடுக்கலாமா என்று ஒவ்வொரு கோயில் அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்க வேண்டும், சில கோயில்களில் தங்கள் ஆள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. ஏழு வயதுப் பெண்கள் மகாராணி மாதிரி நிற்பார்கள். மூன்று வயதுதான் வேலை வாங்கும். ஸோரிச் செருப்பு காலைக் கடிக்க ஆரம்பித்ததிலிருந்து அழுகைக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் தாத்தா பாட்டியோடு நிற்கிற படம் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் சிதோசே அமே என்கிற அந்த நீள மிட்டாயைப் பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

குடும்பங்கள் பேசின தொகையை அப்படியே தந்துவிடுவார்கள். பத்திரிகை வேலை அப்படி இல்லை. 50,000 யென்னுக்குப் பில் அனுப்பினேன், வங்கியில் 44,895 வந்தது. அரை மணி நேரம் பில்லையும் பாஸ்புக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்து, யாரோ தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று மின்னஞ்சல்கூட எழுதிவிட்டேன், நல்லவேளை அனுப்பவில்லை. அச்சில் வரும் படத்துக்கான ஊதியத்தில் கம்பெனிகள் 10.21 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும், நம்மூர் டி.டி.எஸ். மாதிரி. அந்த 0.21 என்பது 2011 பூகம்பத்துக்குப் பிறகு புனரமைப்புக்காக வந்த கூடுதல் வரி. கணக்குத் தாக்கல் செய்தால் அதிகமாகப் பிடித்தது திரும்ப வரும்.

அக்டோபரில் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சீசனுக்காகப் புதிய கேமரா பாடி வாங்கினேன். விலைச் சீட்டில் 2,79,800. நீல முறையில் இருப்பவர்கள் அப்போது 3 லட்சத்துக்குக் குறைவான பொருளை வாங்கிய வருடத்திலேயே முழுச் செலவாகக் காட்டலாம் என்று எங்கோ படித்திருந்தேன், அதனால் சந்தோஷமாக வாங்கினேன். ஆனால் நுகர்வு வரியை, அதாவது இங்கத்திய ஜி.எஸ்.டி.யை, அரசுக்குக் கட்டாத என்னைப் போன்ற சிறு தொழிலுக்கு வரி சேர்த்த விலைதான் கணக்கு. 3,07,780. போச்சு. கேமராவுக்கு ஐந்து வருட ஆயுள் என்று வைத்து, விலையை அத்தனை வருடத்துக்கும் பிரித்து, மூன்று மாதத் தேய்மானமாக அந்த வருடம் காட்ட முடிந்தது 15,389 யென். இத்தனைக்கும் அதே கடை அட்டையில் பத்தாயிரத்துக்கு மேல் பாயின்ட் கிடந்தது. அதைத் தள்ளுபடியாகக் கழித்திருந்தால் விலை 3 லட்சத்துக்குள் வந்திருக்கும். பாயின்ட்டைச் சேர்த்து வைத்து ட்ரைபாட் வாங்கலாம் என்று நினைத்தேன் பாருங்கள்.

தாக்கல் காலம் பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை. நான் உட்கார்ந்தது மார்ச்சில். கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், ரயில் கட்டணத்தைத் தவிர. ரயிலுக்கு ரசீது கிடையாது, நிலைய இயந்திரத்தில் சுய்கா என்கிற ரயில் அட்டையின் பயண விவரத்தை அச்சிடலாம்தான், ஆனால் கடைசி 100 வரிகள் மட்டும். நவம்பரில் நான் ஓடிய ஓட்டத்துக்கு அது ஒரு மாதத்துக்கே போதவில்லை. கடைசியில் படக் கோப்புகளில் இருந்த தேதியையும் நேரத்தையும் வைத்து, அன்றைக்கு எந்தக் கோயில், எங்கிருந்து எங்கே போனேன் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டு ராத்திரி போனது.

13-ஆம் தேதி இரவு 11 மணிக்கு அனுப்பு பட்டனை அழுத்தினால் மைநம்பர் அட்டையின் (நம்மூர் ஆதார் மாதிரி) கையெழுத்துக் கடவுச்சொல் கேட்டது. நான்கு இலக்க எண் ஞாபகம் இருந்தது, இது வேறு. குறைந்தது ஆறெழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் கலந்து. பையன் பெயர், ஊர் பெயர், பழைய கம்பெனி பெயர் என்று அடித்துப் பார்த்தேன். ஐந்தாவது தவறோடு அட்டை பூட்டிக்கொண்டது. கெடு தாண்டினால் 6,50,000 கழிவு 1,00,000 ஆகிவிடும். மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு, "காலைல போய்க்கலாம், இப்ப லைட்டை அணைங்க" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை, திறக்கும் முன்பே வார்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர், அதில் இரண்டு பேர் என்னைப் போலவே அட்டையைக் கையில் பிடித்தபடி முழித்துக்கொண்டு நின்றார்கள். என் முறை வந்ததும் வேலை சீக்கிரமே முடிந்தது. புதுக் கடவுச்சொல்லை அங்கேயே காகிதத்தில் எழுதி, வீட்டுக்கு வந்து, மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் பணம் திரும்பி வந்தது, பத்திரிகைகள் பிடித்ததில் பெரும்பகுதியும் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்ததும் சேர்த்து. அடுத்த ஜூனில் வந்த குடியிருப்பு வரி உறையும் இளைத்திருந்தது. அந்தக் கேமரா மட்டும் கணக்குப் புத்தகத்தில் 2028 செப்டம்பர் வரை உயிரோடு இருக்க வேண்டும். போன நவம்பரில் ஒரு மூன்று வயது மகாராணி சிதோசே அமேயால் ஓங்கி அடித்ததில் லென்ஸ் ஹூட் உடைந்தது. ஹூட் 4,200 யென், அதே வருடச் செலவு.