"எட்டுதானே மிஸ் பெருசு?"

சென்ற கோடை விடுமுறையில், வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் நடக்கும் மாலைநேரப் படிப்பகத்தில், ஆறாம் வகுப்புக்காக நாங்கள் எழுதியிருந்த பின்னங்கள் கட்டகத்தை, அதாவது பிள்ளைகள் கைப்பேசியில் தாமே படித்துக்கொள்ளும் பாடத்தை, அவர்களிடம் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி 11 நிமிடத்தில் முடித்துவிட்டு, 20க்கு 20 என்று காட்டிய திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாராட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம், ஏனோ மனம் ஒப்பவில்லை. கையிலிருந்த தாளில் 1/4, 1/8 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டேன். சற்றும் தயங்காமல் "எட்டுதானே மிஸ் பெருசு?" என்றாள்.

அதே கேள்வி எங்கள் கட்டகத்தின் மூன்றாவது திரையிலேயே இருந்தது. விடை தவறினால் திரை சிவக்கும், "மீண்டும் முயற்சி செய்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். இரண்டே விருப்பங்கள் உள்ள கேள்வியில் ஒன்று சிவந்தால் மற்றொன்றைத் தொட வேண்டும் என்பதை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். பின்னத்தைப் பற்றி எதுவும் கற்கவில்லை. பிழை அவளுடையதன்று. கட்டகத்தை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி என்பதால், அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த 20க்கு 20 உறுத்திக்கொண்டே வந்தது.

தன் வேகத்தில் கற்றல் என்றவுடன் நாம் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறோம். மெல்லக் கற்பவர் மெல்லப் போகட்டும், விரைந்து கற்பவர் விரைந்து போகட்டும் என்பதோடு வடிவமைப்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் ஒரு பிள்ளை தவறான விடையைத் தொடும் அந்தக் கணத்தில், அவள் மனத்தில் ஓடியது என்ன என்று எழுதுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வகுப்பறையில் நல்ல ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே இதை ஊகித்துவிடுவார். கட்டகத்துக்குக் கண் இல்லை. தவறான விருப்பங்கள்தாம் அதற்குக் கண்.

எடுத்துக்காட்டாக, 1/3 + 1/4 என்ற கேள்வியை இப்போது இப்படி எழுதுகிறோம். சரியான விடை 7/12. மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டுபவருக்கு 2/7 வரும். மேலே இருக்கும் 1ஐ அப்படியே விட்டுவிட்டுக் கீழே மட்டும் கூட்டுபவருக்கு 1/7 வரும். கூட்டலையும் பெருக்கலையும் குழப்பிக்கொண்டவருக்கு 1/12 வரும். இந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே விளக்கத்தைக் காட்டுவது, மூன்று வெவ்வேறு நோய்க்கு ஒரே மாத்திரையைக் கொடுப்பதற்குச் சமம். ஆகவே 2/7ஐத் தொட்டவருக்கு, "நீ எடுத்துக்கொண்ட 1/3ஐ விட, கூட்டி வந்த 2/7 சிறியதாக இருக்கிறதே, எப்படி?" என்று கேட்டு, இரண்டு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டும் ஓர் அட்டை வருகிறது, மற்ற இருவருக்கும் வேறு அட்டைகள். ஒரு கேள்விக்கு நான்கு வழிகள் என்றால் எழுத்து வேலை எவ்வளவு பெருகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 20 கேள்விகளை 8ஆகக் குறைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சுவிட முடிந்தது.

மொழி இன்னொரு கண்ணி. பாடநூலில் பின்னத்தின் மேல் எண் தொகுதி, கீழ் எண் பகுதி. "ரொட்டியை எட்டுச் சம பகுதிகளாகப் பிரித்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்" என்று நாங்கள் எழுதிய வாக்கியத்தில் அதே சொல் துண்டு என்ற பொருளில் நிற்கிறது. அடுத்த திரையில் "பகுதி பெரிதானால் பின்னம் சிறிதாகும்" என்று வந்தால் பிள்ளை என்ன செய்வாள்? துண்டு பெரிதானால் பின்னமும் பெரிதாகத்தானே வேண்டும்? வகுப்பில் ஆசிரியர் அருகில் இருந்தால் ஒரே சொல்லில் தெளிவாக்கிவிடுவார். தனியாகப் படிப்பவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இப்போது துண்டைத் துண்டு என்றே எழுதுகிறோம். பகுதி என்ற சொல்லைக் கீழ் எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

அதே சமயம், தமிழே கைகொடுத்த இடமும் உண்டு. இரண்டாம் முறை சென்றபோது, செய்தித்தாளிலிருந்து கிழித்த ஒரு பட்டையை அந்த மாணவியிடம் கொடுத்து, மடித்துக்கொண்டே வரச் சொன்னேன். முதல் மடிப்பு அரை, அடுத்தது கால் என்று அவளே சொன்னாள். மூன்றாவது மடிப்புக்குப் பெயர் தெரியவில்லை. அரைக்கால் என்றேன். பட்டையைப் பார்த்தாள், விரலால் மடிப்பைத் தேய்த்தாள், "அப்ப காலுல பாதியா மிஸ்?" என்றாள். எட்டில் ஒன்று என்று சொன்னபோது மறைந்துபோயிருந்த அளவு, அரைக்கால் என்ற பெயரிலேயே இருந்தது. அந்தக் காகிதப் பட்டை இப்போது கட்டகத்தின் முதல் திரைக்கு முன்பே வருகிறது. மடித்து முடிக்கும்வரை கைப்பேசிக்கு வேலை இல்லை.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் என்று நான் எண்ணவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்து ஏணியின் படிகளைப் போல் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு படியை அடைந்த பிறகே அடுத்ததற்குப் போக முடியும். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்பக் கரும்பலகை தாழ்வாக இருக்கும். குறைகள் பலவற்றைச் சொல்வார்கள், சிலவற்றை நானும் சொல்வேன். ஆயினும் அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆசிரியர் துணையோடு செய்வது, சக மாணவர் துணையோடு செய்வது, தனியாகச் செய்வது எனப் பிள்ளைகள் வெவ்வேறு குழுக்களில் மாறி மாறி உட்கார்ந்தது. கைப்பேசிக்கு மாறியபோது நாம் கடைசிக் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

சக மாணவர் துணை என்பது இந்த ஊருக்கு இன்னும் பழையது. எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தேர்ந்த மாணவரே மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்து, அதைப் பற்றி 1797இல் லண்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஆட்களுக்கான கூலியை மிச்சப்படுத்தும் நோக்கமும் அதில் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் கட்டகத்தில் ஒரே கேள்வியில் இரண்டு முறை தவறினால், "ஆசிரியரைக் கேள்" என்று முதலில் எழுதியிருந்தோம். படிப்பகத்தில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் அக்கா. பாதிப் பேர் அந்தத் திரையோடு கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அந்தத் திரை, "இந்த அட்டையை முடித்த ஒருவரை அருகில் உட்காரச் சொல், பட்டையை அவர் கையில் கொடு, மடிப்பது நீ" என்கிறது. கடைசி இரண்டு சொற்களைச் சேர்க்காதவரை, முடித்தவனே மடித்துக் காட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தான்.

பணியை ஒப்படைத்த அமைப்பு, யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்ற பட்டியல் வேண்டும் என்று இன்னும் கேட்கிறது. நிமிடக் கணக்கைக் கொடுத்தால் அடுத்த வாரமே அது தரவரிசையாகிவிடும் என்பதால், எந்தப் பிள்ளை எந்தத் தவறான விடையைத் தொட்டது என்ற பட்டியலை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் இது செல்லுபடியாகும் என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது தசம எண்கள். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், முப்பத்தைந்து நான்கைவிடப் பெரியதுதானே என்பார்கள். அதனால் ஒலிப்பதிவில் "புள்ளி மூன்று ஐந்து" என்று பிரித்தே படிக்கச் சொல்லியிருக்கிறேன். குரல் கொடுக்க வந்தவர் பழக்கத்தில் இரண்டு முறை "புள்ளி முப்பத்தைந்து" என்று படித்துவிட்டார். சனிக்கிழமை மறுபடியும் பதிவு.