கொண்டை ஊசி வளைவில் அணைந்த ஜிபிஎஸ்: கோளாறு எர்த்தில்

ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். நேர்ச்சாலையில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் வண்டி ஜிபிஎஸ், மலை ஏறினால் மட்டும் அணைந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து மின்சாரம் வரவில்லை என்று திரையில் வரும், நொடிகள் இறங்கும், அப்புறம் இருட்டு. கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பாதையில் இது எப்படிப் படுத்தியிருக்கும் என்று பைக்கில் போனவர்களுக்குத் தெரியும்.

போனையே மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்துவிட்டது. ஏப்ரல் வெயிலில் போன் சூடேறித் தானாக அணைவதும், கையுறை போட்ட விரலுக்கு மசியாததும் தனிக்கதை. தனி ஜிபிஎஸ்ஸை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வண்டி ஒற்றை சிலிண்டர், 400 சிசி. ஜிபிஎஸ் ஸ்டாண்டு 12 வோல்ட்டை நேராக வாங்கி உள்ளேயே 5 வோல்ட்டாக்கிக்கொள்ளும் வகை. வயரிங் செய்தது ஒரு ஆக்சஸரி கடை. சாவி போட்டால் வரும் பிளஸ்ஸை ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல் பிளேட்டில் இருந்த போல்ட்டில் கொடுத்திருந்தார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி நன்றாகவே இருந்தது. நின்றபடி 12.6 வோல்ட், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 14.2. ஸ்டாண்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் அங்கேயும் 12.5. ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் எண் அசையவில்லை. இந்த இடத்தில்தான் பலர் வயரிங் சரி, கருவிதான் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என்னிடமும் ஒரு மெக்கானிக் அண்ணன் அதையேதான் சொன்னார்.

அந்த 12.5-ஐ நம்பவே கூடாது. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், இணைப்பில் துரு ஏறியிருந்தாலும், அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். நிஜமான லோடு போட்டால்தான் உண்மை தெரியும். என் கருவி சார்ஜ் ஏறும்போது 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் வரை கேட்கும். அதாவது 7.5 வாட். மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் 9 வாட் பக்கம் வரும். இதற்கு ஏறக்குறைய சமமான பொருள் எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும்: 12 வோல்ட், 10 வாட் இண்டிகேட்டர் பல்ப். இழுப்பது 0.83 ஆம்பியர். ஹோல்டரில் இரண்டு வயர் வைத்துக் கட்டி, கருவிக்குப் பதிலாக அந்தக் கனெக்டரில் மாட்டினேன். பல்ப்பின் இன்னொரு லாபம், கண்ணுக்கே தெரியும். இணைப்பு கண நேரம் விட்டுப் பிடித்தால் டிஜிட்டல் மீட்டர் அதைக் கோட்டைவிடும், பல்ப் மினுக்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஹேண்டில் நேராக இருந்தபோது பல்ப் பளிச்சென்று எரிந்தது. மெதுவாக இடது பக்கம் திருப்பினேன், மங்கியது. கடைசிவரை ஒடித்தால் சில சமயம் அணைந்தே போனது.

இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றுவது, ஸ்டீயரிங் கழுத்தில் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும் என்பதுதான். நானும் அங்கே டேப்பைப் பிரிக்கத்தான் கை வைத்தேன். அதற்கு முன்னால் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பிரித்துப் பார்த்துவிடலாம் என்று பேட்டரி மைனஸிலிருந்து நீளமான ஒரு வயரை நேராகப் பல்ப்புக்குக் கொடுத்தேன். ஹேண்டிலை என்ன ஆட்டியும் பல்ப் மங்கவில்லை. ஆக பிளஸ் சுத்தம், கோளாறு எர்த் பக்கம்.

அடுத்து அந்த வயரை எடுத்துவிட்டு, பல்ப் எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை ஃபோர்க் பிளேட்டிலும் வைத்தேன். எர்த் நல்லதாக இருந்தால் இங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் வர வேண்டும். நேராக இருக்கும்போதே 0.3 வோல்ட். இடது பக்கம் திருப்பினால் 2, 3 என்று தாவியது. திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் வேறு எண்!

காரணம் எளிது. ஃபோர்க்கும் சேசிஸும் சேரும் இடம் பால்ரேஸ். நடுவில் குண்டுகள், சுற்றிலும் கிரீஸ். அந்தப் போல்ட்டில் கொடுத்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப அந்தக் குண்டுகள் வழியாகவோ, கிளட்ச் கேபிளின் உறை வழியாகவோதான் போயாக வேண்டும். குண்டு உருளும்போது தொடும் புள்ளி மாறும், கிரீஸ் படலம் குறுக்கே வரும். “எர்த்து எங்க தொட்டாலும் வரும் தம்பி” என்று பட்டறைகளில் சொல்வார்கள். சேசிஸ் வரைக்கும் அது சரி. ஹேண்டில், ஃபோர்க் பக்கம் சரியே இல்லை.

பிளஸ் வயரோடு சேர்த்து எர்த்துக்கென்றே 1 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைப் பேட்டரி மைனஸ் வரைக்கும் இழுத்தேன். கழுத்துப் பக்கம் இரண்டு புறமும் முழுதாக ஒடித்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டேன். முனையில் ரிங் லக் என்ற வளைய முனை, நன்றாகக் கிரிம்ப் செய்தது, அதாவது அழுத்தி இறுக்கியது. பற்றவைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், ஒற்றை சிலிண்டர் அதிர்வுக்கு ஈயம் முடியும் இடத்தில் வயர் ஒடியும். இப்போது அதே பல்ப்போடு எர்த் பக்கம் இழப்பு 0.04 வோல்ட், ஹேண்டில் எங்கே இருந்தாலும் சரி. கொல்லிமலை உச்சி வரை ஏறி இறங்கியாயிற்று, திரை அணையவே இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சாதாரணமில்லை.

வயர் வாங்குபவர்கள் கவனிக்க: சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் நல்ல மல்டி ஸ்ட்ராண்ட் வயர் கிடைக்கும், கூடவே அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே நிறத்தில் இருக்கும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தடையும் அதிகம், சீக்கிரம் ஒடியவும் செய்யும்.

இன்னும் ஒரு சின்னத் தொல்லை மிச்சம். மோசமான சாலையில் சார்ஜ் குறி அவ்வப்போது கண் சிமிட்டுகிறது. இது ஸ்டாண்டில் உள்ள ஸ்பிரிங் பின்கள் என்று நினைக்கிறேன். அதிர்வில் பின் நுண்ணளவு தேய்ந்துகொண்டே இருந்தால் அந்தப் புள்ளியில் கருப்பாக ஆக்சைடு படியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கப்போகிறேன். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேலே உள்ள தங்கப்பூச்சு போய்விட்டால் பின் அவ்வளவுதான்.

அடுத்தது ரிலே, சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்ச். ஹெட்லைட் பக்கத்திலிருந்து பிளஸ் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ரிலேவின் கால்களுக்கு எண் உண்டு: பேட்டரியிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து ஸ்டாண்டுக்கு, டெயில் லைட் வயரிலிருந்து 86-க்கு, 85 எர்த்துக்கு. தண்ணீர் புகாத சின்ன ரிலேவாகத் தேடுகிறேன். புதுப்பேட்டையில் பழைய கார்களில் கழற்றியவை கிடைக்கும், ஆனால் சாக்கெட்டோடு சேர்த்து வாங்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இடம் அளந்து வைத்துவிட்டேன், டூல் கிட்டை மட்டும் இடம் மாற்ற வேண்டும்.