93.75 மில்லிமீட்டர்: இரண்டாம் முறை பாஸானவளின் குறிப்புகள்

துணி வெட்டுவதற்கான வரைபடத்தை, அதாவது பேட்டர்னை, கணினியில் திருத்தும் தேர்வு எழுதியிருந்தேன். நேற்று முன்தினம் ரிசல்ட் வந்தது. பாஸ். 78 மதிப்பெண். சென்ற முறை 31. இரண்டுக்கும் நடுவே நான் புதிதாகக் கற்றுக்கொண்டது ரொம்பக் கொஞ்சம் என்பதுதான் வயிற்றெரிச்சல். டார்ட்டை, அதாவது துணி உடம்பில் பொருந்துவதற்காக முக்கோணமாக மடித்துத் தைக்கும் பகுதியை, இடம் மாற்றுவது அப்போதும் தெரியும். கை வளைவைத் திருத்துவது அப்போதும் தெரியும். கணினி கேட்ட ஒரே ஒரு கேள்விப் பெட்டியில் தப்பான விடையைத் தட்டினேன், ஆறு மாதம் போயிற்று.

தேர்வில் எத்தனை பகுதி, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு அது மனப்பாடமாகத் தெரியும். நேராக அந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

கொடுக்கிற பேட்டர்ன் ஃபைல் பழையதாக இருக்கலாம். நாங்கள் வரையும் மென்பொருள் இங்க்ஸ்கேப். அதன் 0.91 பதிப்பு வரை ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு. 2017இல் வந்த 0.92இலிருந்து 96. அதனால் பழைய ஃபைலைத் திறந்ததும் ஒரு கேள்வி வரக்கூடும்: இது திரையில் பார்ப்பதற்கான படமா, தாளில் அச்செடுப்பதற்கானதா? முதல் விடைக்குப் பக்கத்தில், நிச்சயமில்லை என்றால் இதையே தேர்ந்தெடுங்கள் என்று ஒரு குறிப்பு வேறு. எனக்கு நிச்சயமில்லை. தேர்ந்தெடுத்தேன்.

90ஐ 96ஆல் வகுத்தால் 0.9375. அதாவது அளவு சரிதானா என்று பார்க்கப் பேட்டர்னிலேயே வரைந்திருக்கும் 100 மில்லிமீட்டர் சோதனைச் சதுரம் 93.75 ஆகிவிடும். 92 சென்டிமீட்டர் மார்பளவு 86.25 ஆகிவிடும். திரையில் இது கண்ணில் படவே படாது, எல்லாம் சேர்ந்துதானே சுருங்குகிறது. அதற்கப்புறம் நான் சேர்த்த 1.5 சென்டிமீட்டர் தையல் விடுப்பு (தைப்பதற்காக ஓரத்தில் கூடுதலாக விடுவது) மட்டும் நிஜ அளவு. சின்ன உடம்புக்கு வெட்டிய துணியில் பெரிய உடம்புக்கான ஓரம். விடைத்தாளில் எழுதியிருந்த குறிப்பு ஒரே வரி: “சதுரம் அளக்கப்படவில்லை.”

இந்த முறை கேள்வி வந்ததும் இரண்டாவது விடை, அச்சுக்கானது. காப்புப் பிரதி எடுக்கவா என்று அங்கேயே கேட்கும், அதற்கும் சம்மதம் சொன்னேன். உடனே சதுரத்தைத் தேர்ந்தெடுத்து மேலே அகலம் பார்த்தேன். 100.5. ஒரு நிமிடம் கை ஓடவில்லை. மறுபடியுமா?

அது வேறு விஷயம். இங்க்ஸ்கேப் வழக்கமாகக் காட்டுவது கோட்டின் தடிமனையும் சேர்த்த அளவு. அரை மில்லிமீட்டர் கோடு என்றால் இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால். பிரிஃபரன்சஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் விஷுவல் என்பதை ஜியோமெட்ரிக் என்று மாற்றினேன், சரியாக 100. வீட்டில் இந்த அமைப்பை எப்போதோ மாற்றி மறந்திருந்தேன். தேர்வுக் கணினி அது பாட்டுக்குப் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. ஆகவே உட்கார்ந்ததும், பேட்டர்னில் கை வைப்பதற்கு முன்னால்:

- சதுரம்.
- அலகு மில்லிமீட்டரில் இருக்கிறதா.
- ஜியோமெட்ரிக் அளவு.
- மறுபடியும் சதுரம்.
- அசல் பேட்டர்ன் ஒரு லேயரில், சிவப்புக் கோட்டில், பூட்டி. வேலை முழுக்க அதன் நகலில்.

எனக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகும். நான் மெதுவான ஆள், கண்ணை நம்பாதவள். என்னுடன் எழுதிய தோழி நோட்களை, அதாவது கோட்டின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் புள்ளிகளை, கையால் இழுத்து இழுத்தே பாதி நேரத்தில் முடித்துவிடுவாள், வளைவும் அழகாக வரும். அவளைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை.

நான் எதையும் இழுப்பதில்லை, எண்ணைத் தட்டுகிறேன். நோட்டைத் தேர்ந்தெடுத்தால் மேலே எக்ஸ், ஒய் கட்டங்கள் வரும். அதில் இருக்கிற எண்ணுக்குப் பின்னால் +10 என்று அடித்து என்டர் தட்டினால் அதுவே கூட்டிக்கொள்ளும். மொத்த மார்பளவில் 4 சென்டிமீட்டர் கூட்டச் சொன்னால், உடம்பின் நான்கில் ஒரு பங்கான கால் பேட்டர்னில் பக்கத் தையல் நோட்டுக்கு 1 சென்டிமீட்டர். அவ்வளவுதான். முழுப் பேட்டர்னையும் பிடித்து அகலமாக்காதீர்கள், கழுத்தும் தோளும் சேர்ந்து அகலமாகிவிடும். இன்னொன்று: 1.0 பதிப்பிலிருந்து ஒய் எண் கீழே போகப் போகக் கூடும். பழைய பாடங்களில் நேர்மாறாகச் சொல்லியிருப்பார்கள். நீளம் கூட்டப் போய்க் குறைத்துவிட்டு ஒரு மாலை முழுக்க முழித்திருக்கிறேன்.

டார்ட்டுக்கு வருவோம். பக்கத் தையலில் இருப்பதைத் தோளுக்கு மாற்றச் சொன்னார்கள். தோள் கோட்டின் நடுவில் ஒரு நோட் சேர்த்து, அந்த நோட்டையும் மார்பு உச்சி நோட்டையும் உடைத்தேன். உடைத்த பிறகும் இரண்டு துண்டும் ஒரே பொருளாகத்தான் நகரும், பிரேக் அபார்ட் கொடுத்தால்தான் பிரியும். முதல் முறை பயிற்சியில் இது தெரியாமல் மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். பிரித்த துண்டுகளின் திறந்த முனைகளை மூடினால், தோளிலிருந்து உச்சிக்கு நேர்கோடு தானாக விழும். அதுதான் புது டார்ட்டின் கால், அதாவது அதன் பக்கக் கோடு.

அப்புறம் கை வளைவு இருக்கிற துண்டை ஒரு தடவை சொடுக்கி, மறுபடியும் ஒரு தடவை சொடுக்கினால், சுழற்றும் அம்புகளும் நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறியும் வரும். அந்தக் குறியை இழுத்து உச்சி நோட்டின் மேல் வைக்க வேண்டும். ஸ்னாப் (நோட்டில் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி) போட்டுவிட்டு வையுங்கள், கண்ணளவில் வைத்தால் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பழைய டார்ட்டின் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. சுழற்றுவதற்கு மவுஸ் வேண்டாம். சதுர அடைப்புக்குறி விசையை ஆல்ட்டோடு தட்டினால் திரையின் ஒரு பிக்சல் அளவுக்கு மட்டும் நகரும். திரையைப் பெரிதாக்கினால் இன்னும் நுணுக்கமாக நகரும். பழைய டார்ட் மூடுகிற அளவுக்குத் தோளில் புதியது திறக்கும். தைக்கும் டார்ட்டின் நுனியை உச்சியிலிருந்து 2 சென்டிமீட்டர் பின்னால் இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் துணி அங்கே கூம்பிக்கொண்டு நிற்கும்.

கை வளைவுக்கு எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் பாதையின் நீளத்தை அளக்கும் வசதி இருக்கிறது. அளக்க வேண்டியது தையல் கோட்டை, வெட்டும் கோட்டை அல்ல. நெய்த துணியில் சாதாரணக் கை என்றால், கையின் மேல் வளைவு உடம்பின் வளைவைவிட 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட இருக்கலாம். அதற்கு மேல் போனால் சுருக்கம் விழும்.

தையல் விடுப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். கொடுத்த பேட்டர்னிலேயே அது இருந்தால், திருத்தத்துக்கு முன்னால் எடுத்துவிட்டு எல்லாம் முடிந்ததும் திரும்பப் போடுங்கள். பாத் எஃபெக்ட்ஸில் இருக்கும் ஆஃப்செட் (கோட்டை ஒரே தூரம் தள்ளி வரையும் வசதி) நல்லது, எண் கொடுக்கலாம், மூலைகளைக் கூராகவும் வைக்கலாம். ஆனால் அது சுற்றிலும் ஒரே அளவாகப் போடும். முன்பக்க மடிப்புக் கோட்டிலும் 1.5 போட்டு வைத்துவிடும்! மடிப்பில் விடுப்பு கிடையாது, அந்த நோட்களைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். இந்த முறை எனக்கு மதிப்பெண் குறைந்தது பெரும்பாலும் இங்கேதான் என்று நினைக்கிறேன், கழுத்தில் 1 என்று கேட்டிருந்தார்கள், 1.5ஐ அப்படியே விட்டுவிட்டேன்.

சிம்ப்ளிஃபை பக்கம் போகவே போகாதீர்கள். நோட்கள் குறையும், வளைவும் கூடவே நகரும்.

அச்சு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாளுக்குப் பொருத்து என்பதை எடுத்துவிட்டு நிஜ அளவு, 100 சதவீதம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர், ஆனால் பெரும்பாலான பிரிண்டர்கள் ஓரம் வரை அச்சடிக்காது, எனவே ஒட்டுவதற்கு ஓரம் விட்டே பக்கம் பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சதுரம் இருக்கிற பக்கத்தை மட்டும் எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நான் இரண்டு தடவை பார்த்தேன். தேர்வாளர் வந்தார், ஒட்டி வைத்திருந்த பேட்டர்னைப் பார்க்கவில்லை, டார்ட்டைப் பார்க்கவில்லை, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து நேராகச் சதுரத்தின் மேல் வைத்தார். 100.