ஜிப்சியின் ஸ்டீயரிங் ஆட்டம் ஒழிந்தது: ஒரு கொக்கித் தராசின் புண்ணியம்

என் மாருதி ஜிப்சி ஜீப்பின் ஸ்டீயரிங் ஆட்டம் நின்றுவிட்டது. பொள்ளாச்சி ரோட்டில் அறுபதில் போய்க்கொண்டே பாலத்தின் இணைப்பில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஸ்டீயரிங் சும்மா இருக்கிறது. இதற்கு முன்னால் அதே வேகத்தில் சின்னப் பள்ளம் வந்தாலும் முன்பக்கம் முழுக்க உதற ஆரம்பிக்கும், நாற்பதுக்குக் கீழே இறக்கினால்தான் அடங்கும். செலவு நாலாயிரத்துக்குள். வண்டி வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் கொசுறு.

வண்டி 2004 ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) இன்ஜின், துணிக்கூரை. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடியது, டிஎன் 43 பதிவு. இரண்டரை லட்சத்துக்கு முடிந்தது. டெல்லி வண்டி இதைவிட மலிவு என்று பலர் சொன்னார்கள். பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு அங்கே தடை வந்ததிலிருந்து மலிவாகத்தான் தள்ளுகிறார்கள். ஆனால் என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று), லாரிக் கூலி, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் கூட்டினால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. போட்டோ பார்த்து வாங்கும் துருவுக்கு யார் பொறுப்பு? குன்னூர் வண்டியிலும் துரு உண்டு, மலைப் பனி சும்மா விடாது. ஆனால் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு வாங்கினேன். சேஸிஸ், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் மாட்டும் இடம், பாடி மவுண்ட் எல்லாம் கெட்டி. டிரைவர் காலடித் தகரம் மட்டும் போயிருந்தது. டிங்கரிங்கில் புதுத் தகடு வைத்தாகிவிட்டது. ஃபோர் லோ, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர், முனகாமல் விழுந்தது. எனக்கு அது போதும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இந்த வியாதிக்கு ஊரில் எல்லோரும் தரும் மருந்து ஒன்றுதான். "ஸ்டீயரிங் டேம்பர் போட்டுருங்க தம்பி, சரியாப் போயிரும்." போகாது. டேம்பர் என்பது ஸ்டீயரிங்குக்கு ஒரு ஷாக் அப்சார்பர். நோயை மறைக்கும், அவ்வளவுதான். வீல் பேலன்ஸிங், அலைன்மென்ட், டைராடு எண்ட் எல்லாம் ஏற்கனவே ஆள்மாற்றி ஆள் பார்த்துவிட்டார்கள். சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின் பக்கம் யாரும் கையே வைக்கவில்லை, ஏனென்றால் அதற்குச் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளை முழுசாகப் பிரிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடக்கு இருந்தால் வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். இப்போது ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் மாட்டும் ஹப்பும் நக்கிளும் அப்போது ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகும் லொடக்கு இருந்தால் கிங் பின்தான். என் வண்டியில் இரண்டு பக்கமும் இருந்தது.

பிரிக்கும் கதையை நீட்டவில்லை, செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு புலம்பல் மட்டும். வீல் பேரிங் லாக் நட்டை உளியும் சுத்தியலும் வைத்து அடித்துத் திருகும் பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ? என் நட்டின் விளிம்பு நான்கு பக்கமும் கடித்துத் தின்றது போல இருந்தது. அதற்கான சாக்கெட்டை லேத்தில் ஒரு பைப் துண்டில் பல் வெட்டி வாங்கிவிடலாம். மேல் கிங் பின், கீழ் கிங் பின் இரண்டையும் ஷிம்மோடு (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடு) சேர்த்துக் கம்பியில் கட்டிப் பெயர் எழுதி வைத்தேன். பிரேக் காலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, அதற்கும் ஒரு கம்பி.

கிங் பின்னின் பழைய பேரிங் கப்பை (வெளி வளையம்) விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் சங்கதி புரிந்தது. ரோலர்கள் ஒவ்வொன்றும் உட்கார்ந்த இடத்தில் கோடு கோடாகப் பள்ளம். நேராகவே ஓடும் வண்டியில் இந்த பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை, ஒரே இடத்தில் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே கிரீஸ் என்று எதுவும் இல்லை. ஆக்ஸில் குழாயின் சீல் போய், ஆக்ஸில் நடுவே இருக்கும் டிஃப்ரன்ஷியலின் கியர் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்து, கறுப்புக் கஞ்சியாக நின்றது.

புது கப்பைப் பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். அடுத்ததுதான் எல்லோரும் தாண்டிவிடும் இடம்: பிரீலோட், அதாவது பேரிங்கை எவ்வளவு இறுக்கி வைப்பது என்ற அளவு. "நல்லா இறுக்கிட்டேன்" என்பது அளவு இல்லை. பின்புறப் பெரிய சீலைப் போடாமல், ஆக்ஸில் இல்லாமல், வெறும் நக்கிளை மேல் கீழ் பின்களோடு முறுக்கிவிட்டு, டைராடு மாட்டும் ஓட்டையில் கொக்கித் தராசை மாட்டி இழுக்க வேண்டும். நக்கிள் நகர ஆரம்பிக்கும் நொடியில் தராசு ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைந்தால் ஷிம் ஒன்றை எடு, கூடினால் ஒன்றைச் சேர். பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசே போதும். நான் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு வாங்கினேன், நகரும் நொடியின் உச்ச அளவு அதில் தப்பாமல் தெரிகிறது.

இடது பக்கம் பழைய ஷிம்மோடு 700 கிராம்தான் வந்தது. கீழே ஒரு 0.1 மில்லிமீட்டர் ஷிம்மை எடுத்ததும் 1.4 கிலோ. அழகு. வலது பக்கம் எதிர்மாறு, இரண்டரைக்கு ஏறி நின்றது. அதற்குக் கூடுதல் ஷிம் வேண்டும், கடைகளில் தனியாகக் கேட்டால் கிட் முழுசாக வாங்கு என்கிறார்கள். கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு பாழடைந்த ஜிப்சி ஆக்ஸில் கிடந்தது. அதிலிருந்து ஷிம்களை மட்டும் கழற்றிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். டீ வாங்கித் தந்ததோடு சரி, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கின்றன, கவலையில்லை.

டயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். 235/75 ஆர் 15 போடச் சொல்லி ஏகப்பட்ட யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் என் 215/75ஐவிட விட்டம் 30 மில்லிமீட்டர் கூட, அதாவது டிஃப்ரன்ஷியலுக்குக் கீழே கிடைப்பது 15 மில்லிமீட்டர். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் பாடிதான் ஏறும், ஆக்ஸில் இருந்த இடத்தில்தான் இருக்கும். அந்த 15 மில்லிமீட்டருக்காக பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் தோளைக் கழற்றிக்கொள்ள நான் தயாரில்லை. எஃப்சி (தகுதிச் சான்று) தலைவலி வேறு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. 215/75 கம்பெனி போட்டுத் தந்த பழைய எஃப்78 அளவு டயரின் உயரத்துக்கே வருகிறது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. வனத்துறை நிலத்தில் எப்படியும் இறங்க முடியாது. நமக்குக் கிடைப்பது நண்பர்களின் தோப்பும் கைவிட்ட கல்குவாரியும்தான். அதற்கு இது தாராளம்.

வலது ஆக்ஸில் குழாய் சீல் இன்னும் பாக்கி. வந்த சீல் உதடு மடங்கி வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். அதுவரை அந்தப் பக்கம் ஆயில் அளவை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். அது வரும் முன்பே கை சும்மா இருக்காமல் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைப் பிரித்துவிட்டேன். காலியாகப் போனால் ஜிப்சி பின்னால் உதைக்கும் உதை தெரிந்ததுதானே, ஒரு பட்டையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று எண்ணம். பட்டைகளைச் சேர்த்துக் கட்டும் சென்டர் போல்ட் துருவேறி, ஸ்பேனர் வைத்ததும் தலை கையோடு வந்துவிட்டது. பட்டை கட்டு இப்போது லேத்தில் இருக்கிறது. வியாழக்கிழமை தருகிறேன் என்றார், எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை.